பெயர் சொல்லாத ஜெபம்

பிரேக் அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அவருடைய ஓட்டுநர் உரிமத்தில் அது பத்திரமாகத் தூங்குகிறது. மற்றபடி பாஸ்டர் முதல் பால்காரர் வரை எல்லாருக்கும் அவர் பிரேக் அக்காதான்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வண்டிகளில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் வைத்திருப்பார்கள். கற்றுக்கொள்கிறவர் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தால், கற்றுக்கொடுக்கிறவர் மிதித்து நிறுத்திவிடலாம். அக்காவின் வலது கால் அந்த பிரேக்கின் மேலேயே குடியிருந்தது. பழக்கம் முற்றிப்போய், பஸ்ஸில் போனாலும் கால் தரையை மிதிக்கும். கணவரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தால் இரண்டு காலாலும் மிதிப்பார். "ஏய், வண்டி ஆடுது. கொஞ்சம் சும்மா வா" என்பார் கணவர். அவர் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவர். வாயைத் திறப்பது அபூர்வம். திறந்தால் நச்சென்று ஒன்று வந்து விழும்.

பயந்தாங்கொள்ளிகளுக்கென்றே பிறந்த ஆசிரியை அக்கா. கத்தமாட்டார், திட்டமாட்டார். கிளட்ச்சைத் தொடவே நடுங்குகிறவரிடம், "அது பெடல்தாம்மா, பாம்பு இல்ல" என்பார். "மெதுவா விடுங்க. தூங்குற குழந்தை பக்கத்துல இருந்து எழுந்திருப்போமே, அந்த மாதிரி" என்பார். அப்படிச் சொன்னதும் வண்டி குலுங்காமல் நகரும். வேறு இடங்களில் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கண்ணீரோடு திரும்பியவர்கள் பலரும் கடைசியில் அக்காவின் வண்டியில்தான் கற்றுக்கொண்டார்கள்.

காருக்குள் இன்னொன்றும் நடக்கும். இரண்டு பேரும் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருப்பதால் முகத்தைப் பார்க்க வேண்டிய சங்கடம் இல்லை. அதனால் மனதில் உள்ளதெல்லாம் தானாக வெளியே வந்துவிடும். முதல் கியரில் வானிலை, இரண்டாவதில் விலைவாசி, மூன்றாவது கியர் போடக் கற்றுக்கொண்டுவிட்டால் மாமியார். அக்கா எல்லாவற்றையும் "ம்… ம்…" என்று கேட்டுக்கொள்வார். கேட்டதையெல்லாம் வெள்ளிக்கிழமை வரைக்கும் மனதில் வைத்திருப்பார். வினையே அந்த வெள்ளிக்கிழமையில்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டு முன்னறையில் சபைப் பெண்களின் ஜெபக்கூட்டம். அது தொடங்கிய கதை சுவாரசியமானது. ஆராதனை முடிந்ததும் பாஸ்டர், "யாராவது ஒரு சகோதரி வீட்டைத் திறந்து கொடுத்தா நல்லா இருக்கும்" என்றார். எல்லாரும் அவரவர் கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்தார்கள். அக்காவின் கை மட்டும் உயர்ந்தது. அக்காவின் கை எப்போதுமே யோசனைக்கு முன்னால் எழுந்துவிடும்.

கையைத் தூக்கிவிட்டார், சரி. அதற்குப் பிறகு ஊழியம் என்றால் என்னவென்று அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. ஊழியம் என்றால் முக்கால்வாசி நாற்காலி தூக்குவது. நாள் முழுக்க வண்டியில் குலுங்கிவிட்டு வந்து தரையைத் துடைப்பது. மருந்துக்கடை அம்மா பாட்டை எட்டாத சுருதியில் எடுத்துவிட்டால், பல்லைக் கடித்துக்கொண்டு கூடவே ஏறுவது. ஒருத்தி வந்தால் இன்னொருத்தி வரமாட்டேன் என்பாள். இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் போய்க் கெஞ்சுவது. ஒரு மழை நாளில் ஒரு குருவிகூட வரவில்லை. அக்கா காலி நாற்காலிகளைப் பார்த்தே பாடி, ஜெபித்து, கூட்டத்தை முறைப்படி முடித்தார். அடுக்களையிலிருந்து கணவர் மட்டும் ஆமென் சொன்னார். இத்தனைக்கும் அக்கா சலித்துக்கொண்டதில்லை. அந்தப் பெண்கள்மேல் அவருக்கு உண்மையாகவே அன்பு இருந்தது. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அக்காவின் பெரிய வரம் ஜெபம். கண்ணை மூடினால் போதும், சொற்கள் அருவியாகக் கொட்டும். ஆண்டவருக்கு எல்லாம் தெரியும் என்று முழு மனதோடு நம்புகிறவர்தான். ஆனாலும் எதற்கும் ஒருமுறை விளக்கமாகச் சொல்லிவைப்பது நல்லது என்று அவருக்கு ஒரு நினைப்பு.

"கர்த்தாவே, பச்சைக் கேட் போட்ட வீட்டிலே, மூட்டுவலியினாலே மாடிப்படி ஏறக்கூடாமல், மருமகளும் சரியாய்க் கவனியாதபடியினாலே கீழறையிலே தவிக்கிற அந்தத் தாயாரை நீர் அறிவீர்…"

அறையில் எல்லார் கண்ணும் இறுக மூடியிருக்கும். காதுகள் மட்டும் கூர்மையாகிவிடும். பெயரை அக்கா ஒருநாளும் சொன்னதில்லை. அதில் அவர் ரொம்பக் கண்டிப்பு.

"நீ ஜெபம் பண்றியா, செய்தி வாசிக்கிறியா?" என்று கணவர் ஒருநாள் கேட்டார்.

"போங்க, நான் யார் பேரையாவது சொன்னேனா?"

"பேர் சொல்லல. வீட்டு நம்பர் மட்டும்தான் பாக்கி."

அக்கா சிரித்துவிட்டு டீ தம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இந்த நேரத்தில்தான் கண்ணாடிக்கடைத் தங்கச்சி வண்டி பழக வந்தாள். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவள். கண்ணைச் சோதிப்பது, பவர் பார்ப்பது, ஃபிரேமைக் காதுக்குத் தோதாக வளைத்துக் கொடுப்பது எல்லாம் அவளே. ஞாயிற்றுக்கிழமை சண்டே ஸ்கூலில் குட்டிப் பிள்ளைகளின் வகுப்பும் அவளுடையதுதான். பிள்ளைகள் அவள் மேல் ஏறி விளையாடுவார்கள். கடைக்கு வரமுடியாத வயதானவர்களுக்கு வீட்டுக்கே போய்க் கண் பார்க்க வேண்டும், அதற்கு ஒரு சின்ன கார் வேண்டும் என்பது அவள் ஆசை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கும் தவறாமல் வருவாள். அக்காவுக்கு அவள் கூடப்பிறக்காத தங்கை.

தங்கச்சிக்கு எல்லாம் வந்தது, மேட்டில் வண்டி எடுப்பது மட்டும் வரவில்லை. நிறுத்திவிட்டு எடுத்தால் வண்டி பின்னால் உருளும், இல்லையென்றால் அணைந்துபோகும். ஒருநாள் மேட்டின் நடுவில் மறுபடி மறுபடி அணைந்தது. அக்கா, "பரவாயில்லம்மா, ஹேண்ட் பிரேக்கைப் போடு. மூச்சு விடு" என்றார். தங்கச்சி ஹேண்ட் பிரேக்கைப் போட்டாள், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அழத் தொடங்கினாள்.

"வண்டிக்கா அழுற?"

"இல்லக்கா." முன்னால் பார்த்தபடியே சொன்னாள். "அம்மா போனதுல இருந்து என்னால ஜெபம் பண்ண முடியலக்கா. கண்ணை மூடினா ஒண்ணுமே வரல. வெள்ளிக்கிழமை நீங்கல்லாம் ஜெபிக்கறப்ப நான் எந்த ஃபிரேமை யாருக்கு அனுப்பணும்னு நினைச்சுட்டு உக்காந்திருக்கேன். பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்குறேன், எனக்கு வரல. யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா."

"சேச்சே. நான் யார்கிட்ட சொல்லப்போறேன்?"

அந்த வார்த்தையை அக்கா மனதாரத்தான் சொன்னார். புத்திமதி சொல்லவில்லை, வசனம் சொல்லவில்லை. ஸ்டியரிங் மேலிருந்த அவள் கையின்மேல் தன் கையை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்து ஓய்ந்தது. அக்காவின் ஊழியத்திலேயே ஆகச் சிறந்த நேரம் அதுதான் என்பேன். அந்த இடத்தில் நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. அறை நிறைந்திருந்தது. தங்கச்சியும் ஓரத்து நாற்காலியில் இருந்தாள். அக்கா கண்ணை மூடினார். அவர் நெஞ்சு முழுக்க அந்த மேடும் அந்த அழுகையும்தான். அருவி கொட்ட ஆரம்பித்தது.

"கர்த்தாவே, பெயர் சொல்ல விரும்பவில்லை, எங்கள் நடுவிலே ஒரு சகோதரி, தாயை இழந்த நாள் முதற்கொண்டு உம்மிடத்தில் ஒரு வார்த்தையும் பேசக்கூடாதபடி, ஜெப வேளையிலே கடைக் கணக்கை நினைத்துக்கொண்டிருக்கிற சகோதரி, சிறு பிள்ளைகளுக்கு உம்மைப் போதித்தும் தன் உள்ளம் வறண்டுபோன அந்த மகளை நீர் அறிவீர்…"

ஆண்டவர் அறிந்ததை இப்போது அறை முழுவதும் அறிந்தது. அக்காவின் குரல் உடைந்தது. கண்ணீர் வழிந்தது. அவர் முடித்ததும் வரிசையாக ஆமென், ஆமென் என்று வந்தது. ஓரத்து நாற்காலியிலிருந்தும் மெல்லியதாக ஓர் ஆமென் வந்தது.

டீ வருவதற்குள் தங்கச்சி செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஆண்டவர் அவளைத் தொட்டுவிட்டார் என்று அக்கா பூரித்துப்போனார். அப்படித்தான் நினைத்தார், பாவம்.

அதன் பிறகு சகோதரிகளின் அன்பு பெருக்கெடுத்தது. ஒருவர் கடைக்குப் போய்ச் சிறு புத்தகம் கொடுத்தார். ஒருவர் உபவாசம் இருக்கச் சொன்னார். இன்னொருவர் எங்கேயோ கேட்ட சாட்சியை, யாருக்கோ ஜெபம் திரும்பி வந்த கதையை, கண் காது மூக்கு வைத்துச் சொல்லி, கடைக்கு வந்த வாடிக்கையாளர்களையும் நிற்கவைத்துக் கேட்கச் செய்தார். ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடை அம்மா சண்டே ஸ்கூல் வாசலில் நின்று, பிள்ளைகளுக்கு முன்னாலேயே, "இப்ப ஜெபம் வருதாம்மா?" என்று உருக்கமாகக் கேட்டார்.

ஒரு வாண்டு நிமிர்ந்து பார்த்தது. "டீச்சர், உங்களுக்கு ஜெபம் பண்ணத் தெரியாதா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வகுப்புக்கு டீச்சர் வரவில்லை. வண்டி பழகவும் வரவில்லை. ஓட்டுநர் உரிமச் சோதனைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அக்கா போன் செய்தால் எடுப்பதில்லை.

விஷயத்தை பாஸ்டர்தான் போனில் சொன்னார். "கண்ணாடிக்கடைத் தங்கச்சி பிள்ளைங்க வகுப்பு வேண்டாம்னு சொல்லிட்டாங்கக்கா. தகுதி இல்லைன்றாங்க. கேட்டா பேசவும் மாட்டேங்கிறாங்க. எதுக்கும் நீங்க கொஞ்சம் ஜெபத்துல வச்சுக்கோங்க."

ஜெபத்தில் வைத்ததால்தானே இந்த வினையே வந்தது.  அக்கா போனை வைத்துவிட்டு அடுக்களைக்கு வந்தார்.

"நான் பேரே சொல்லலையேங்க."

கணவர் ஒரு மோட்டாரின் உள்பாகத்தைச் செய்தித்தாளில் பரப்பித் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "அந்தப் பொண்ணு உன்கிட்ட சொன்னா. நீ ஆண்டவர்கிட்ட சொன்ன. நடுவுல நாங்கல்லாம் எதுக்கு இருந்தோம்?"



இரண்டு மூன்று நாள் அக்கா தனக்குத்தானே வாதாடிப் பார்த்தார். அன்பினால்தானே செய்தேன், வம்பா பேசினேன், ஜெபம்தானே பண்ணினேன். எந்த வாதமும் நிற்கவில்லை. இன்னொன்றும் உறுத்தியது. தான் ஜெபிக்கும்போது அறை மூச்சடக்கிக் கேட்குமே, அந்த அமைதி அவருக்குப் பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது. அதை ஒத்துக்கொண்டபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு.

ஒரு மத்தியானம், கடைத்தெரு ஓய்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து, கண்ணாடிக்கடைக்குள் நுழைந்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த பேச்சு வாசற்படியிலேயே காணாமல் போயிற்று.

"கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்கும்மா. பாத்து சொல்றியா?"

தங்கச்சி ஒரு நிமிடம் பார்த்தாள். "உக்காருங்க" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

மெஷினில் தாடையை வைக்கச் சொன்னாள். நெற்றியை ஒட்டச் சொன்னாள். "பேசாதீங்க, நேரா பாருங்க." பிறகு இரும்பு வளையங்கள் வைத்த கனமான ஃபிரேம் ஒன்றை அக்காவின் மூக்கில் மாட்டி, ஒவ்வொரு வில்லையாகப் போட்டுக் காட்டினாள். "இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா?" யாரோ வழிப்போக்கரிடம் பேசுகிற குரல். அந்தக் குரலை அக்காவால் தாங்க முடியவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார். மூக்கில் அந்த ஃபிரேமோடு கண்ணை மூடினார்.

"கர்த்தாவே, என் நாவினாலே உம்முடைய மகளைப் புண்படுத்தினேன். அவள் என்னை நம்பிச் சொன்னதை நான் காக்கக்கூடாமற்போனதை நீர் அறிவீர்…"

அருவி நன்றாகவே கொட்டியது. குரலும் சரியான இடத்தில் உடைந்தது.

"அக்கா."

"…என் பெலவீனத்தை நீர் அறிவீர், கர்த்தாவே…"

"அக்கா, கண்ணைத் திறங்க."

திறந்தார். வில்லைக்குப் பின்னால் தங்கச்சியின் முகம் வெகு பக்கத்தில், வெகு தெளிவாக இருந்தது. இமையோரம் சிவந்திருந்தது. அவள் தூங்கிப் பல நாளாகிறது என்று அப்போதுதான் அக்காவுக்குத் தெரிந்தது.

"அவர்கிட்ட அப்புறம் பேசுங்க. இங்க நான்தானே உக்காந்திருக்கேன். என்கிட்ட பேசுங்க."

அரைமணி நேரம் தங்குதடையில்லாமல் ஜெபிக்கிறவருக்கு இப்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. உதட்டை அசைத்தார், ஒன்றும் வரவில்லை. கண்ணை மூடினால் ஒன்றுமே வரவில்லை என்று மேட்டில் அவள் சொன்னது இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது.

"சொல்லமாட்டேன்னு சொன்னேன். சொல்லிட்டேன்" என்றார் கடைசியில். "தப்பும்மா. மன்னிச்சிரு."

அவ்வளவுதான். நீட்டவில்லை.

தங்கச்சி வில்லைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பெட்டியில் அடுக்கினாள். "அன்னிக்கு நானும் ஆமென் சொன்னேன், தெரியுமாக்கா? நான் மட்டும் சொல்லலைன்னா எல்லாரும் திரும்பிப் பாத்துடுவாங்களோன்னு பயந்து சொன்னேன். என்னைப் பத்தின வம்புக்கு நானே ஆமென் போட்டேன்." பெட்டியை மூடினாள். "உடனே எல்லாம் சரியாயிடுச்சுன்னு என்னால சொல்ல முடியாது."

"சொல்லாதம்மா."

 தங்கச்சி கண் சோதனைச் சீட்டை எடுத்துப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். "ஆனா ஒண்ணு. உங்க கண்ணு நெஜமாவே படுமோசம். இத்தனை நாள் எதைப் பாத்து பிரேக் போட்டீங்க?"

அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை, பாட்டு முடிந்ததும் அக்கா கண்ணைத் திறந்துகொண்டே பேசினார். புதுக்கண்ணாடி போட்டிருந்தார். "அன்னிக்குப் பேர் சொல்லாம நான் பண்ணினது ஜெபம் இல்ல, வம்பு. ஜெபத்துக்கு உடுத்துற துணியை அதுக்கு உடுத்திவிட்டேன், அவ்வளவுதான். கேட்டவங்க மறந்துடுங்க. மறக்க முடியலைன்னா வாயை மூடிக்கோங்க. நானும் அதைத்தான் பழகிட்டு இருக்கேன்." பிறகு கண்ணை மூடினார். "கர்த்தாவே, எங்க எல்லார் கஷ்டமும் உமக்குத் தெரியும். ஆமென்."

அறை திகைத்துப்போனது. அடுக்களையிலிருந்து கணவர் எட்டிப் பார்த்தார். "இன்னும் தண்ணியே கொதிக்கல. அதுக்குள்ள முடிச்சிட்டியா?"

கூட்டம் கொஞ்ச நாள் மெலிந்தது. அக்காவிடம் பழைய அனல் இல்லை என்று பேச்சு கிளம்பியது. மருந்துக்கடை அம்மா கோபித்துக்கொண்டு வேறொரு வீட்டுக்கூட்டத்துக்குப் போனார். அங்கே பாட்டு எடுக்க விடாததால் திரும்பி வந்தார். அக்கா அவருக்கும் நாற்காலி போட்டார். நாற்காலி தூக்குவதில் ஒன்றும் மாற்றம் இல்லை.

தங்கச்சி உடனே வரவில்லை. முதலில் வண்டிக்கு வந்தாள். மேட்டில் எடுக்கப் பழகினாள், சோதனையில் தேறினாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளின் வகுப்புக்குப் போய் உட்கார்ந்தாள். அதே வாண்டு அதே கேள்வியைக் கேட்டது. "தெரியும்டா கண்ணு. இப்ப வரல. நீங்க பண்ணுங்க, டீச்சர் கூட உக்காந்திருக்கேன்" என்றாளாம். பிள்ளைகளுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. பாஸ்டருக்கும் போதுமானதாக இருந்தது.

பழைய கார் ஒன்றை வாங்கிய பிறகு, ஒரு காலையில் அக்கா வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடித்தாள். மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவருக்குக் கண்ணாடி கொடுக்க வேண்டுமாம், துணைக்கு வரவேண்டுமாம். அக்கா பக்கத்து இருக்கையில் ஏறினார். மேடு வந்தது. முன்னால் போன லாரி பாதியில் நின்றது. அக்காவின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது.

"அக்கா, அங்க பிரேக் இல்ல."

"தெரியும்மா. காலுக்குத்தான் தெரியல."

லாரி நகர்ந்தது. தங்கச்சி கிளட்ச்சை மெதுவாக விட்டாள். தூங்குகிற குழந்தை விழிக்கவில்லை. மேட்டைத் தாண்டி நேரான சாலைக்கு வந்ததும், முன்னால் பார்த்தபடியே, அவள் பேசத் தொடங்கினாள். பெரியவர் வீட்டு வாசல் வரைக்கும் பேசினாள். அக்கா "ம்… ம்…" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் கேட்டார்: "என்ன சொன்னா?"

"ரோடு நல்லா இருந்துச்சுங்க."

கணவர் மறுபடி கேட்கவில்லை. அன்று டீயை அவரே போட்டுக் கொடுத்தார்.

முதல் ரகசியம் ஊருக்கே தெரிந்துபோனது, அதனால்தான் என்னால் இங்கே சொல்ல முடிந்தது. அக்கா செய்த தப்பை அவரே எல்லாரிடமும் சொல்வார், அதையும் சொல்லிவிட்டேன். ஆனால் அன்று காரில் தங்கச்சி என்ன சொன்னாள், ஜெபம் திரும்பி வந்ததா, இல்லை இன்னும் பெரிய துக்கம் ஏதாவதா, எனக்குத் தெரியாது. அக்கா வீட்டுக்கே போய், ஜெபத்தில் நினைத்துக்கொள்ளலாமே என்று மெதுவாக வாயைக் கிளறிப் பார்த்தேன்.

"டீ ஆறிப்போகுது, குடிங்க" என்றார் அக்கா.